தோட்டத்து வேதக்காரர்: வட சிலாங்கூரில் தமிழ்க் கிறிஸ்தவ வாழ்வு

வட சிலாங்கூருக்குத் தமிழ்க் கிறிஸ்தவம் ரப்பரோடு வந்தது. காப்பாரிலிருந்து ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று கடலோரமாக நீளும் தாழ்நிலம் ஒரு புறம். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி உள்ளே போனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை. இன்னும் கிழக்கே ரயில் பாதையோரத்தில் ரவாங், செரண்டா, பத்தாங் காலி, கெர்லிங், கோலகுபு. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் இந்த நிலப்பரப்பின் பெரும்பகுதி பால்மரக் காடானது. அங்கே வேலைக்கு வந்த தமிழர்களில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது என்ற நிலையில், அந்தச் சிறுபான்மையின் சமயத்தைக் கட்டிக்காத்தவர்கள் உபதேசியாரும், பள்ளி வாத்தியாரும், கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தரும், பால்மரம் வெட்டிய தாய்மார்களும்தான். சபைகளின் அதிகாரபூர்வ வரலாறுகள் பெரும்பாலும் மிஷனரிகளின் பெயர்களைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. தோட்டத்தின் வரலாற்றைத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்துதான் எழுதவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர்க் கடலோரத்தில் காப்பிதான் முதலில் பயிரானது. காப்பி விலை சரிந்ததும் தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். 1905-ல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, மலாயும் தமிழும் கற்றுக்கொண்டு, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் இதே வட்டாரத்தில் அவர் முயற்சியில் உருவானது. 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே நடப்பட்ட அந்தத் தோட்டத்துக்குத் தென்னமரம் என்றே பெயர். பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளர்கள் அந்த நாவலிலும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் இரவில் லயத்தில் என்ன பாடினார்கள், பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள், செத்தவரை எப்படிப் புதைத்தார்கள் என்பதை எந்தத் துரையும் முழுதாக எழுதிவைக்கவில்லை.

தொழிலாளர்கள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். கப்பல் ஏறிய துறைகள் சென்னையும் நாகப்பட்டினமும். இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தைச் சூழ்ந்த பகுதி தமிழகத்திலேயே பழைய கிறிஸ்தவ வட்டாரங்களில் ஒன்று. தெற்கே சிறிது தொலைவில் வேளாங்கண்ணி. வடக்கே தரங்கம்பாடி, 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய இடம். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். தஞ்சை, திருச்சிச் சீமைகளின் கத்தோலிக்கக் கிராமங்களில் பல, மலாயாவில் ரப்பர் நடப்படுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே ஞானஸ்நானம் பெற்றவை. ஆகவே தோட்டத்துக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பெரும்பாலும் மலாயா மண்ணில் மதம் மாறியவர்கள் அல்லர். ஜெபமாலை, மாதா படம், பழைய வேதபுத்தகம் எல்லாம் தகரப் பெட்டியில் துணிமணியோடு கப்பல் ஏறின. சவரிமுத்து, ஆரோக்கியம், அந்தோணியம்மாள், தேவசகாயம் போன்ற பெயர்களும் அப்படியே செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவேட்டில் ஏறின.

ஆள் கட்டிய முறையும் இதற்குத் துணைபோனது. ஒப்பந்தக் கூலி முறையான சஞ்சி முறை 1910-ல் நின்றபின் கங்காணி முறையே முதன்மையானது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தன் உறவிலும் சாதியிலும் ஆள் சேர்த்தான். கங்காணி வேதக்காரனாக, அதாவது கிறிஸ்தவனாக, இருந்தால் அவன் பின்னால் வந்த கூட்டத்திலும் வேதக்காரர் இருந்தார்கள். இதனால் ஒரு தோட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இல்லாதிருக்க, அடுத்த தோட்டத்தில் ஒரு லயமே கிறிஸ்தவ லயமாக இருந்தது. 1938-ல் இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இந்த வரவு நீடித்தது.

இன்னொரு கிறிஸ்தவ வரவு அலுவலகத்துக்கானது. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிஷன் பள்ளிகளை நடத்திவந்தது. அங்கே ஆங்கிலம் படித்த இலங்கைத் தமிழர்கள் மலாயாவின் ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் தோட்டங்களின் கிராணி வேலைக்கும் வந்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களும் கிராணிகளாகவும் மருத்துவமனை டிரஸ்ஸர்களாகவும் வந்தார்கள். இவர்களிடம் வாசிப்பும், சபை நடத்திப் பழகிய அனுபவமும் இருந்தன. அவை தோட்டத்துச் சபைகளுக்குப் பெரிய பலம். ஆனால் கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தூரத்தைப் பொது விசுவாசம் முழுதாகக் கடக்கவில்லை. பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பில் பெயர் கூப்பிட்டு அரைநாள் கூலியை வெட்டியவரும், வெட்டுப்பட்டவரும், ஞாயிற்றுக்கிழமை ஒரே கூரையின் கீழ் மண்டியிட்டார்கள். அந்த மண்டியிடுதல் சில தோட்டங்களில் உறவை மென்மையாக்கியது. சில இடங்களில் கிராணி குடும்பங்கள் நகரத்து ஆங்கில ஆராதனைக்குப் போவதையே விரும்பின.

சபை அமைப்புகளின் மையங்கள் எல்லாம் நகரங்களில் இருந்தன. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்துக் குருவான லெத்தெசியே 1883-ல் கோலாலம்பூரில் கத்தோலிக்கப் பங்கைத் தொடங்கினார். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1910-ல் கோலாலம்பூரில் புனித அந்தோணியார் ஆலயம் எழுந்தது. கிள்ளானில் 1928-ல் லூர்து மாதா ஆலயம் கட்டப்பட்டது. மெதடிஸ்ட் பணி 1885-ல் தோபர்ன், ஓல்ட்ஹாம் இருவரால் சிங்கப்பூரில் தொடங்கியது. ஓல்ட்ஹாம் பெங்களூரில் பிறந்தவர், இந்தியாவிலிருந்தே அனுப்பப்பட்டவர். 1897-ல் மெதடிஸ்ட் பணி கோலாலம்பூருக்கு வந்தது. அங்கே தமிழ்ச் சபையை வளர்த்தவர்களில் இலங்கையிலிருந்து வந்த சாமுவேல் ஆபிரகாம் குறிப்பிடத்தக்கவர். தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் தமிழர்களுக்காக 1907-ல் தமிழ்நாட்டிலிருந்து போதகர் அனுப்பப்பட்டார். அவர்களுடைய சீயோன் ஆலயம் 1924-ல் பிரிக்ஃபீல்ட்சில் எழுந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையும் துரைமாருக்கான ஆராதனைகளோடு தமிழ் ஊழியத்தையும் நடத்தியது. ஆனால் கோலசிலாங்கூரின் உள்தோட்டம் ஒன்றிலிருந்து கோலாலம்பூருக்கோ கிள்ளானுக்கோ போவது சைக்கிளும் மாட்டுவண்டியும் இருந்த காலத்தில் ஒரு நாள் பயணம். ஒரு நாள் பயணமென்றால் ஒரு நாள் கூலி போனது.

அந்த இடைவெளியில் நின்றவர்தான் உபதேசியார். கத்தோலிக்கரிடையே உபதேசியார், மற்றச் சபைகளில் ஊழியர் அல்லது சுவிசேஷகர் என்று அழைக்கப்பட்ட இவர் ஒரே தோட்டத்தில் தங்கியவராகவோ, பல தோட்டங்களைச் சைக்கிளில் சுற்றியவராகவோ இருந்தார். பல இடங்களில் அவரே பள்ளி வாத்தியார். 1923-ன் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. நிர்வாகங்கள் அதைக் குறைந்த செலவில் முடிக்கப் பார்த்தன. படிக்கத் தெரிந்த ஒருவர், ஒரே அறை, ஒரு கரும்பலகை. படிக்கத் தெரிந்த அந்த ஒருவர் சில தோட்டங்களில் மிஷன் பள்ளியில் படித்துவந்த கிறிஸ்தவர். பகலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் மாலையில் ஜெபம் நடத்தினார், கடிதம் எழுதிக்கொடுத்தார், ஊருக்குப் பணம் அனுப்பும் தாளை நிரப்பிக்கொடுத்தார். வேதக்காரர் அல்லாதவர்களும் கடிதத்துக்காக அவரிடம் வந்தார்கள். தோட்டத்தில் கிறிஸ்தவம் மற்றவர்களுக்கு முதலில் அறிமுகமானது பிரசங்கத்தைவிட இந்தத் திண்ணை வழியாகத்தான் என்று கொள்ள இடமுண்டு. காப்பாரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி மெதடிஸ்ட் என்ற பெயரைத் தாங்கி நிற்பது, பள்ளிக்கூடமும் சபையும் இணைந்து நடந்த அந்தக் காலத்தின் அடையாளம்.

உபதேசியாரின் வேலையில் கனமானது சாவைச் சந்திப்பது. காடழித்துப் போட்ட புதிய தோட்டங்களில் மலேரியா ஆளை வாரிக்கொண்டு போனது. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கிள்ளான், கோலசிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களை ஆராய்ந்துதான் மலேரியாத் தடுப்பு பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். வாய்க்கால் வெட்டி நீர் வடித்து நோயைக் குறைக்க வழி கண்டார். அதற்கு முன்னும் அந்த வசதி எட்டாத தோட்டங்களிலும் கைக்குழந்தைகள் மிகுதியாக இறந்தன. சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாத தருணத்தில், சரியான நோக்கம் கொண்ட எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. தோட்டத்தில் இந்த விதி புத்தகத்தில் உறங்கவில்லை. உபதேசியார் மட்டுமல்ல, பிரசவம் பார்த்த கிழவியும், பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதைக் கையில் எடுத்தார்கள். அடக்கமும் அப்படியே. வெப்பநாட்டில் பிணம் காத்திருக்காது. ஜெபப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவர் குழிமேட்டில் நின்று வாசித்தார். கத்தோலிக்கச் சாமியாரோ மற்றச் சபையின் ஐயரோ அடுத்த மாதம் வந்து கல்லறையை மந்திரித்தார், அல்லது அங்கே ஜெபம் செய்தார்.

ஜெபவீடுகள் எளியவை. அத்தாப்புக் கூரை, பிறகு தகரம், பலகைச் சுவர், நடுவில் ஒரு மேசை. பல தோட்டங்களில் அதுவும் கிடையாது, பள்ளிக்கூட அறையோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையோ ஞாயிறு காலையில் கோயிலானது. நிலம் கம்பெனியுடையது. பெரிய துரையிடம் கேட்டுத்தான் கூரை போடமுடியும். துரைமார்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்ததைப் போலவே இதற்கும் மரமும் ஆணியும் கொடுத்தார்கள். தொழிலாளி ஓரிடத்தில் தரிக்க வழிபாட்டிடம் உதவும் என்பது அவர்கள் கணக்கு. கிறிஸ்தவத் துரை என்பதற்காகக் கிறிஸ்தவத் தொழிலாளிக்குத் தனிச் சலுகை கிடைத்ததாக எண்ணுவது பிழை. கூலியும் லயமும் எல்லாருக்கும் ஒன்றே. கம்பெனி நிலத்தில் துரையின் வாய்மொழி அனுமதியோடு கட்டப்பட்ட இந்தக் கூரைகளுக்குப் பட்டா இல்லை என்பதன் விளைவு அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

தோட்டத்தின் நேரம் வழிபாட்டின் நேரத்தையும் தீர்மானித்தது. விடியுமுன் தப்பு அடிக்கும், பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும், வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்போது மதியம். ஆகவே குடும்ப ஜெபம் இரவுச் சோற்றுக்கு முன்னோ பின்னோ மண்ணெண்ணெய் விளக்கடியில் நடந்தது. லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் சொல்லும் அருள்நிறை மந்திரம் அடுத்தடுத்த வீடுகளிலும் கேட்கும். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலையை நடத்தியவர் பெரும்பாலும் வீட்டுக் கிழவி. இலத்தீனில் நடந்த பூசை மாதம் ஒருமுறைதான், ஆனால் தமிழில் சொன்ன ஜெபமாலை தினமும். தோட்டத்துக் கத்தோலிக்கரின் சமயமொழி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் பூசைக்கு வழிவிடுவதற்கு வெகு காலம் முன்பே, நடைமுறையில் தமிழாகத்தான் இருந்தது.

மற்றச் சபையாரிடம் இந்த இடத்தைப் பாட்டு நிரப்பியது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக ராகங்களில் இயற்றிய கீர்த்தனைகளை எழுத்தறியாதவர்களும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டுகள் நகரத்து ஆலயங்களில் ஓங்கியிருக்க, லயத்து வீட்டுக் கூட்டத்தில் ஆர்மோனியமும் கைத்தாளமுமாகக் கீர்த்தனையே ஒலித்தது. வேதாகமத்தை வாசிக்க ஒருவர் போதும். பாட எல்லாராலும் முடிந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் இளைஞர்கள் கீதபவனியாக லயம் லயமாகப் போனார்கள். இந்து வீடுகளுக்கு முன்னும் நின்று பாடினார்கள், அங்கே தேநீரும் பலகாரமும் கிடைத்தன. தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டு திரும்பிப் போனது.

கத்தோலிக்கருடைய ஆண்டு இன்னும் வண்ணமயமானது. ஜெபவீட்டின் பாதுகாவலருக்குக் கொடியேற்றம், நவநாள், மூங்கிலும் காகிதப் பூவும் கொண்டு கட்டிய சப்பரம். ஜூன் 13-ல் அந்தோணியார் திருநாள், செப்டம்பர் 8-ல் ஆரோக்கிய மாதா பிறந்தநாள். ஆண்டில் ஒருமுறை பெரும் பயணம் என்றால் பினாங்குக்கு எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயம். ஜூலை 26-ஐ ஒட்டி அங்கே கூடும் கூட்டத்தில் சிலாங்கூர்த் தோட்டத்தவர்களும் இருந்தார்கள். ரயிலுக்கும் லாரிக்கும் மாதக்கணக்கில் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தார்கள். அந்தோணியாருக்கும் அன்னம்மாளுக்கும் நேர்ந்துகொண்ட இந்துக்களும் அந்தப் பயணத்தில் சேர்ந்தார்கள். வேளாங்கண்ணிக்கு எல்லாரும் போகும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இருந்திருக்காது.

விசுவாசத்தைப் பிறருக்கு அறிவித்தல் இந்தச் சூழலில் நடந்த விதமே வேறு. மலாய்க்காரரிடையே மதப்பணி செய்யும் பேச்சுக்கே இடமில்லை. 1874-ன் பங்கோர் உடன்படிக்கை மலாய்க்காரரின் சமயத்தையும் வழக்கத்தையும் பிரிட்டிஷ் ஆலோசனைக்கு வெளியே வைத்தது. காலனி அரசும் மிஷனரிகளை அப்பக்கம் போகவிடவில்லை. சுதந்திர மலேசியாவின் அரசியலமைப்பு 11(4)-ஆம் பிரிவில், முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. சிலாங்கூர் 1988-ல் அதற்கான சட்டத்தை இயற்றியது. ஆகவே தமிழ்க் கிறிஸ்தவரின் சாட்சி தமிழரிடையேதான். அந்தத் தமிழர் மாமனும் மச்சானும் அடுத்த வீட்டுக்காரரும். மேடைப் பிரசங்கம் எப்போதாவது நடந்தது. நோய்ப்படுக்கையில் ஜெபிப்பது, கள்ளுக்கடையிலிருந்து ஒருவனை வீட்டுக்கு அழைத்துவருவது, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது இவைதான் வழக்கமான வழிகள். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை குடும்பங்களின் கூலியை உறிஞ்சிய காலத்தில், குடியை விட்டவன் என்ற ஒரே காரணத்துக்காகவே ஒரு வேதக்காரன் லயத்தில் மதிக்கப்பட்டான். குடியை விடாத வேதக்காரனும் இருந்தான். அவனைக் காட்டி மற்றவர்கள் கேள்வி கேட்டதும் நியாயமே.

மெதடிஸ்ட் சபைக்காக ஊழியம் செய்த வேதாகமப் பெண்கள் ஆண்கள் நுழையமுடியாத இடங்களுக்குப் போனார்கள். பிரசவ வீடு, விதவையின் வீடு, கணவன் அடித்துத் துரத்திய பெண் ஒதுங்கிய சமையற்கட்டு. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தொழுநோய் கண்டவர்களின் கதி இன்னும் கொடியது. 1930-ல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்புக்குத் தோட்டங்களிலிருந்து நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள். அனுப்பப்பட்டவரை உறவு மறந்துபோவது வழக்கம். அங்கே நோயாளிகளுக்கென்றே தேவாலயங்கள் இருந்தன. வெளியிலிருந்து வந்து அவர்களோடு உட்கார்ந்து உண்ட சில கிறிஸ்தவர்களின் செயல், வட சிலாங்கூரில் இந்தச் சமயத்தின் பெயரில் நடந்தவற்றில் உயர்ந்தவற்றுள் ஒன்று.

உரசல்களும் இருந்தன. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டபோது கொடுப்பதா மறுப்பதா என்பது ஆண்டுதோறும் எழுந்த கேள்வி. படையல் சோற்றை உண்ணலாமா, பொட்டு வைக்கலாமா, தாலியில் சிலுவை பொறிக்கலாமா என்பன வீட்டுக்குள் எழுந்த கேள்விகள். கத்தோலிக்கர் பெரும்பாலும் இளகிப் போனார்கள், மற்றச் சபையார் இறுகி நின்றார்கள். சாதியோ இரு தரப்பையும் விடவில்லை. கங்காணி சாதி பார்த்து ஆள் கட்டியதால் லயமும் சாதியாகப் பிரிந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் அந்தப் பிரிவினையைக் கரைக்கவில்லை. 1929-ன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து பேசியபின் சீர்திருத்தச் சங்கங்கள் எழுப்பிய சாதி பற்றிய கேள்வி, கோயிலைப் போலவே தேவாலயத்தையும் நோக்கியது. சபைகள் அதற்கு நேரான பதில் தந்திருக்கவேண்டும். தராமல் விட்டது அவற்றின் பெரிய குறை.

1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். ஆங்கிலேய, அமெரிக்க மிஷனரிகள் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். சம்பளம் நின்றது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுப் போதகரும் இல்லாத அந்த மூன்றரை ஆண்டுகளில் சபைகள் செத்துவிடவில்லை. வீட்டு ஜெபத்திலேயே வளர்ந்தவர்களுக்கு ஆலயம் மூடப்பட்டது பெரிய மாறுதலாகத் தெரியவில்லை. ஆனால் ஆண்கள் திரும்பி வராத வீடுகளில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். அவர்களைத் தாங்கியது பெரும்பாலும் பக்கத்து வீடு.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. இரவு ஊரடங்கு மாலைக் கூட்டங்களைச் சுருக்கியது. அதே காலத்தில் தலைமை உள்ளூர்மயமானது. 1955-ல் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயர், இலங்கையில் பிறந்த டொமினிக் வெண்டர்கன். லுத்தரன் சபை 1960-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் தாய்ச்சபையிலிருந்து தனித்து நின்றது. மெதடிஸ்ட் திருச்சபை 1968-ல் தன்னாட்சி பெற்றது, தமிழ் ஊழியம் தனி மாநாட்டின் கீழ் வந்தது. இந்த மாற்றங்கள் முடிவதற்குள் தோட்டமே ஆட்டம் கண்டது. பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சிறு சபைகளுக்கு ஐந்தாறு குடும்பங்கள் போவதே பேரிழப்பு.

1970-களில் பெந்தெகொஸ்தே ஊழியங்கள் தோட்டங்களுக்குள் வேகமாகப் பரவின. கைதட்டிப் பாடுதல், நோய் நீங்க ஜெபம், சாட்சி சொல்லுதல், இவை பழைய வீட்டு ஜெபத்தின் வழியிலேயே நுழைந்தன. போதகர் அதே லயத்தில் பால்மரம் வெட்டியவராகவே இருந்தார். இந்துக் குடும்பங்களிலிருந்து நேராக வந்தவர்கள் மிகுந்தது இந்தக் கட்டத்தில்தான். பழைய சபைகளிலிருந்து ஆட்கள் போனதால் கசப்பும் வளர்ந்தது. பழைய சபைகள் தோட்டத்துக்குப் போதிய ஆளும் அக்கறையும் அனுப்பாமல் விட்ட இடத்தில்தான் புதியவர்கள் நுழைந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் கைகள் குறைவாகவே போதும். பின்னர் நிலமே வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டது. புக்கிட் செராக்கா பக்கத்துத் தோட்ட நிலங்களில் பூஞ்சாக் ஆலம் நகரம் எழுந்தது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் தோட்டம் கைமாறியபின் வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2007-ல் பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆனது. மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள், சபைகள் கடைவீடுகளின் மாடிக்குப் போயின. பட்டா இல்லாத ஜெபவீடுகள் மரத்தோடு மரமாகச் சாய்க்கப்பட்டன. மாற்று நிலம் கேட்க ஆவணம் இல்லை. ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகள் சேர்ந்து 1979-ல் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரியில் தமிழிலும் போதகர்கள் பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமத்தை வாசிப்பது கடினமாகிவருகிறது. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 6 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் கணிசமானோரின் தாத்தா பாட்டிகள் இத்தகைய லயங்களில் ஜெபித்தவர்கள்.

இந்த வரலாற்றுக்குச் சான்றுகள் மூன்று இடங்களில் உள்ளன. ஒன்று, கிள்ளான், கோலாலம்பூர் ஆலயங்களின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். தோட்டத்தின் பெயர் அவற்றில் எழுதப்பட்டிருந்தால் அது ஒரு சபையின் பிறப்புச் சான்று. இரண்டு, எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவு. மூன்று, செம்பனைக்கு நடுவே கிடக்கும் தோட்டக் கல்லறைகள். அங்கே மரச்சிலுவைகள் உளுத்துப் போயின, சிமெண்டில் ஆணியால் கீறிய தமிழ் எழுத்துகள் மட்டும் சிலவற்றில் மிஞ்சியுள்ளன. நிலம் கைமாறும்போது முதலில் அழிவது இவைதான். வட சிலாங்கூரின் சபைகளும், தமிழ்ப்பள்ளிகளும், தோட்டத்தில் பிறந்த குடும்பங்களும் சேர்ந்து இந்தக் கல்லறைகளைப் படம் எடுத்து, பெயர்களை வாசித்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பதிந்துவைக்கவேண்டும். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலை தொடங்கவேண்டும்.